பிடிக்காத ஆளை வைத்துக் காதல் கதை எழுதுவது எப்படி?

நாயகனை ஜனங்களுக்குப் பிடிக்காது என்று கதை விவாதத்தில் யாராவது சொல்லிவிட்டால், உடனே ஒரு வைத்தியம் நடக்கும். முதல் பத்து நிமிடத்துக்குள் அவனை ஒரு நல்ல காரியம் செய்ய வைப்பார்கள். பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் கொடுப்பான். ஆதரவற்றோர் இல்லத்தில் பிள்ளைகள் அவனுக்காகக் காத்திருப்பார்கள். அம்மா படத்துக்கு முன்னால் நின்று கண் கலங்குவான். அதோடு கடன் தீர்ந்தது, இனி இடைவேளை வரை அவன் என்ன செய்தாலும் ஜனம் பொறுத்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். ஜனம் பொறுத்துக்கொள்வதில்லை. அந்தக் கர்ப்பிணியை அடுத்த காட்சியிலேயே மறந்துவிடும். அவன் நாயகியின் கையைப் பிடித்து இழுத்தது மட்டும் வீடு போய்ச் சேரும்வரை ஞாபகத்தில் இருக்கும்.

கோடம்பாக்கத்தில் சில வருடங்கள் உதவி இயக்குநராக இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவள் நான். இப்போது பழங்காநத்தத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து மற்றவர்களின் ஸ்கிரிப்டைப் படித்துச் சொல்கிறேன். குறும்படம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும் தம்பிகள் வருகிறார்கள், சமீபமாகச் சில தங்கச்சிகளும் வருகிறார்கள். வருவதில் பெரும்பாலும் காதல் கதை. அதில் பெரும்பாலும் நாயகனை எனக்குப் பிடிப்பதில்லை. சொன்னதும் "அப்ப நல்லவனா மாத்திடவாக்கா?" என்பார்கள். வேண்டாம். பிடிக்காத ஆளைத் தாராளமாக எழுதலாம். அவன் பிடிக்காத ஆள் என்பது கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் நிபந்தனை அது ஒன்றுதான். கீழே சொல்வதெல்லாம் அதை நிறைவேற்றும் வழிகள்.

குறையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதுங்கள்

"கோவக்காரன்க்கா, ஆனா பாசக்காரன்." இப்படித்தான் எல்லோரும் தங்கள் நாயகனை அறிமுகம் செய்கிறார்கள். இது குறையே இல்லை, பாராட்டு. மனசில் பட்டதைப் பேசிவிடுவான், நண்பனுக்காக எதையும் செய்வான், யாருக்கும் அடங்கமாட்டான் என்பதெல்லாம் அந்த வகைதான். குறை மாதிரி தெரியும், ஆனால் அதனால் யாருக்கும் கால் காசு நஷ்டம் இருக்காது.

நாயகி விஷயத்தில் இது இன்னும் மோசம். அவளுக்குக் குறை வேண்டும் என்று சொன்னால் லூசுப்பொண்ணாக்கிவிடுவார்கள். மழையில் ஆடுவாள், ஐஸ்கிரீமுக்கு அழுவாள், தெருநாயோடு பேசுவாள். ஒரு முழுப் பெண்ணுக்கு இருக்கக்கூடிய பேராசை, பொறாமை, சாதித் திமிர், வாய் கூசாத பொய் எதுவும் அவளுக்குக் கிடையாது. இந்த ஊர்த் தெருக்களில் நடந்து போனால் அந்தக் குறையெல்லாம் உள்ள பெண்கள், காதலிக்கவும் படுகிற பெண்கள், வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நம் ஸ்கிரிப்டில்தான் ஒருத்தியையும் காணோம்.

அதனால் முதல் வேலை இது. ஒரு தாளில் குறையை எழுதுங்கள். பக்கத்தில், அந்தக் குறையால் யார், எதை, எவ்வளவு இழந்தார்கள் என்று எழுதுங்கள். ரூபாயில் எழுத முடிந்தால் ரூபாயில் எழுதுங்கள். எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்த ஆளுக்குக் குறையே இல்லை, நீங்கள் அவனுக்கு ஒப்பனை போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. பார்க்கிறவர்கள் எதை மன்னிப்பார்கள் என்பது சட்டப் புத்தக வரிசையில் வராது. 2008-ல் வந்த சுப்ரமணியபுரம் படத்தில் நாயகன் அழகர் கொலை செய்தவன். வேலை வெட்டி இல்லாமல் காதலி துளசி வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு திரிந்தவன். அவன் செத்தபோது தியேட்டரில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா விம்மி விம்மி அழுதார். அதே அம்மா, ஓசி டீ குடித்துவிட்டு நழுவும் நாயகனை ஜென்மத்துக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். திரையில் கொலையைக்கூட மன்னித்துவிடுவார்கள், அற்பத்தனத்தை மன்னிக்க மாட்டார்கள். ஏனென்றால் கொலைகாரனை நம்மில் அதிகம் பேர் நேரில் கண்டதில்லை. அற்பனை தினமும் பார்க்கிறோம், அவனிடம் ஏமாந்தும் இருக்கிறோம். அதனால் அற்பத்தனத்தை வைத்துக் காதல் கதை எழுதுவதுதான் கடினம். எழுதினால் அதுதான் புதிதாகவும் இருக்கும்.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம்

வெறுமனே சொன்னால் புரியாது என்பதால் வகுப்பில் நான் கட்டிக் காட்டும் ஒரு கதையையே இங்கே வைக்கிறேன்.

பால்பாண்டி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவன். தமிழ்ச்செல்வி தையல்காரி. அப்பா காலத்தில் கடை புதுமண்டபத்தில் இருந்தது, இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். இவன் எடையில் திருடுகிறவன். இவள் துணியில் திருடுகிறவள். இரண்டும் சின்னத் திருட்டு, இரண்டும் தினசரித் திருட்டு. வில்லன் யாரும் கிடையாது.

அவனுடைய முதல் காட்சி இப்படி. விடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒச்சம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். டார்ச் வெளிச்சத்தில் பறித்த மல்லிகை மொட்டு, ஈரச் சாக்கில். பால்பாண்டி தராசில் வைக்கிறான். 3 கிலோ 150 கிராம் என்று எண் வந்து நிற்கிறது.

"ஈரமா இருக்கு ஆத்தா."

"பனித்தண்ணிப்பா. நான் ஒரு சொட்டுத் தெளிக்கல."

"யாரு தெளிச்சா என்ன, ஈரம் ஈரந்தான்."

நோட்டில் 2 கிலோ 800 என்று எழுதுகிறான். எழுதிவிட்டு, குவியலில் இருந்து ஒரு கை பூவை அள்ளி அவள் பைக்குள் போடுகிறான். "சாமிக்குப் போடு ஆத்தா." அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

கிலோ 2000 ரூபாய் போகும் மார்கழிக் காலையில் அந்த 350 கிராம் 700 ரூபாய். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே பெருமை பேசும் பூ. அதைப் பறித்தவள் கைக்கு வர வேண்டிய காசில் 700 ரூபாய் கண்ணெதிரே போகிறது. போனது தெரிந்தும் அவளால் வேறு கடைக்குப் போக முடியாது, முன்பணம் வாங்கியிருக்கிறாள். இவ்வளவையும் வசனமாகச் சொல்ல வேண்டியதில்லை. தராசு எண்ணையும் நோட்டு எண்ணையும் காட்டினால் போதும்.

அந்த ஒரு கை பூவைக் கவனியுங்கள். மேலே நான் குறை சொன்ன 'நல்லவன் காட்சி' இதிலும் இருக்கிறது. ஆனால் அவன் கொடுப்பது அவளிடமிருந்தே எடுத்த பூ. அவன் மனதார, அன்பாகத்தான் கொடுக்கிறான். தான் நல்லவன் என்று நிஜமாகவே நம்புகிறான். பார்க்கிறவருக்கு அவனைப் பற்றி அவனுக்கே தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது. இனி அவனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அவனைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அப்புறம்தான் வரும்.

வேலை தெரிந்தவனாகவும் அவனைக் காட்டுங்கள். கை வைத்த மாத்திரத்தில் எது காலையில் பறித்தது, எது நேற்று மிஞ்சியது என்று சொல்லிவிடுவான். கையில் தொழில் உள்ள ஆளை நமக்குப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும். 2004-ல் வந்த காதல் படத்தில் முருகன் மெக்கானிக். அந்தப் பட்டறையும் அழுக்குக் கையும் இல்லாவிட்டால் அவன் இன்னொரு பையன், அவ்வளவுதான். நல்ல காரியம் செய்ய வைப்பதைவிட நல்ல வேலைக்காரனாகக் காட்டுவது நூறு மடங்கு பலன் தரும்.

அவள் கண்ணுக்கு என்ன தெரிந்தது

ஸ்கிரிப்டுகள் உடைந்து போகும் இடம் இதுதான். நாயகன் எப்பேர்ப்பட்டவனாகவும் இருக்கட்டும். அவனிடம் இவள் எதைக் கண்டாள்? "ரொம்ப நாளா பின்னாடியே வர்றான்க்கா, அதுல மனசு மாறிடுது" என்றால் கதை அங்கேயே முடிந்தது. பின்னால் வருவது அவன் செய்த காரியம். அதில் அவளுடைய மனசுக்கு என்ன வேலை?

பால்பாண்டி அம்மாவின் ரவிக்கைத் துணியோடு தமிழ்ச்செல்வி கடைக்குப் போகிறான்.

"ஒன்னேகால் மீட்டர் வேணும். இது பத்தாது."

"எங்கம்மா ஒல்லி. எம்பது சென்டி போதும்."

"கை நீளமா கேட்டீங்கள்ல?"

"கையப் பத்தி நான் வாயே தொறக்கலையே."

அவள் டேப்பை எடுத்து மறுபடி அளக்கிறாள். "சரி, இருக்கிறதுல அட்ஜஸ்ட் பண்றேன்."

"மிச்சத்த என்ன பண்ணுவீங்க?"

"எந்த மிச்சம்?"

அவன் சிரிக்கிறான். இத்தனை வருடத்தில் அவளைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவன். ஏனென்றால் அவனும் அதே தொழில். அவளுக்கு முதலில் பயம் வருகிறது. ஊரில் சொல்லிவிடுவானோ? அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொரு துணியோடு வருகிறான். அந்தத் துணி தேவைக்கு மேல் கால் மீட்டர் இருக்கிறது. மிச்சம் பிடிக்கட்டும் என்றே கூடுதலாக வாங்கியிருக்கிறான். அது அவளுக்குப் புரிகிறது.

இந்தக் காதலை நான் நம்புவேன். இருவரையும் எனக்குப் பிடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவளுக்கு அவனை ஏன் பிடித்தது என்று தெரிகிறது. இனி யாரிடமும் நடிக்க வேண்டாம் என்ற ஆசுவாசம் அது. குறையும் காதலும் ஒரே முடிச்சில் விழுந்திருக்கின்றன. ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்றும் அவிழும். உங்கள் கதையிலும் இந்த முடிச்சைத் தேடுங்கள். குறை ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடந்தால் கதை வெறும் பொறுத்துப்போதலாகிவிடும். 'என்ன இருந்தாலும் நல்ல பையன்' என்று பெண் வீட்டார் சொல்லும் வசனத்தைப் பெண்ணே சொல்வது மாதிரி.

புகார் மனுவாக எழுதிப் பாருங்கள்

இதை நான் எல்லோரையும் செய்யச் சொல்கிறேன். தவிர்க்கப் பார்ப்பார்கள், விடமாட்டேன். நாயகன் நாயகியைச் சந்திக்கும் காட்சிகளை எல்லாம் வரிசையாக எடுங்கள். இசை, ஸ்லோமோஷன், நண்பன் அடிக்கும் கமெண்ட் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் சம்பவங்களை அவள் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவாக எழுதுங்கள். 'ஐயா, மேற்படி நபர் தினமும் மாலை 5 மணிக்குப் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து என் வீடு வரை வருகிறார். வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன்.'

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மனு கனமாக நிற்கிறது என்றால் உங்கள் காதல் காட்சி குற்றக் காட்சி. எழுதுகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி தொந்தரவுக்கு ஆளாகி இறந்ததை அடுத்து, 1998-லேயே தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. பின்தொடர்வது 2013-ல் நாடு முழுவதற்கும் தனிக் குற்றமானது. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆவது பிரிவு, முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நம் படங்கள் பையன்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கின்றன என்று ஊரெல்லாம் கேட்டது. கேட்டது நியாயம்.

அப்படி ஒருவனை எழுதவே கூடாதா? எழுதலாம். 1999-ல் வந்த சேதுவில் நாயகன் கல்லூரி ரவுடி. அபிதாவைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் தன் காதலைச் சொல்கிறான். அதற்கப்புறம் அவன் படும் பாட்டை அந்தப் படம் எவ்வளவு ஆழமாகக் காட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடத்தலுக்கு அப்புறம் அபிதாவுக்குக் காதல் வரும் அந்த இடம் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அவள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று அங்கே ஒரு காட்சி வேண்டும், அது இல்லை. நீங்கள் கடத்துகிறவனை எழுதினால் கடத்தப்பட்டவளுக்கு அடுத்த இருபது நிமிடத்தைக் கொடுங்கள். அவள் அன்றிரவு தூங்கினாளா? யாரிடம் சொன்னாள்? நாளைக்குக் கல்லூரிக்கு எந்த வழியாகப் போவாள்? அதை எழுதியபின்னும் அவளுக்குக் காதல் வருகிறது என்றால் அப்போது நம்பலாம். பெரும்பாலும் வராது. வராவிட்டால் அந்தக் கதையை எழுதுங்கள்.

கூடவே ஒன்று. பள்ளிச் சீருடையில் நாயகி வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் காதல் நாயகியாக எழுதிவிட்டு 'அந்த வயசுல வர்றதுதானே' என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

விலையை யார் கொடுக்கிறார்கள்

கெட்டவனைக் காதலிக்கும் கதை நம் பக்கத்து மண்ணுக்குப் புதிதல்ல. 2007-ல் வந்த பருத்திவீரனைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. வீரன் எப்படிப்பட்டவன் என்பதை அந்தப் படம் மறைக்கவே இல்லை. சித்தப்பாவோடு சேர்ந்து அவன் செய்யும் அத்தனையும் திரையில் இருக்கிறது. அவனைக் காதலிக்கும் முத்தழகும் பணிந்து போகிறவள் இல்லை. அந்தப் பிடிவாதத்தை நடித்துக் காட்டியதற்குத்தான் பிரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்தது. நான் சொன்ன நிபந்தனையை, அதாவது இவன் எப்படிப்பட்டவன் என்று கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை, அந்தப் படம் நூற்றுக்கு நூறு நிறைவேற்றுகிறது.

ஆனால் வீரன் செய்த வினை கடைசியில் முத்தழகு உடம்பின் மேல் வந்து விழுகிறது. அவன் செய்தான், கணக்கை அவள் தீர்க்கிறாள். அந்தக் காட்சியின் பலத்தை நான் மறுக்கவில்லை. அதற்கப்புறம் அதைப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன என்பதுதான் என் கவலை. நாயகன் தப்பு செய்வான், நாயகி செத்துப்போவாள், அவன் கதறுவான், அந்தக் கதறலில் அவனுக்குப் பாவமன்னிப்பு. இதை இனி எழுதாதீர்கள். அவன் குறைக்கு விலையை அவனே கொடுக்கட்டும். கொடுப்பதும் யாருக்கு நஷ்டம் செய்தானோ அவர்களுக்குத் தெரியும்படி கொடுக்கட்டும். காதலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் ஒச்சம்மாவின் 700 ரூபாய் திரும்பி வந்துவிடாது.

நம் கதையில் இடைவேளை இப்படி. சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து இருவரும் தங்கள் சாமர்த்தியத்தைப் பேசிச் சிரிக்கிறார்கள். அவன் ஒரு கிழவியைப் பற்றிச் சொல்கிறான், பனித்தண்ணி என்று சொன்னாளே அவள். தமிழ்ச்செல்வியும் ஒரு கிழவியைப் பற்றிச் சொல்கிறாள். பேத்தி சடங்குக்குப் பாவாடை தைக்க மூன்றரை மீட்டர் பட்டுத்துணி கொண்டுவந்தவள், ஒரு மீட்டரை ஒதுக்கியது அவளுக்குத் தெரியவே இல்லை. பேசப் பேச இரண்டும் ஒரே ஒச்சம்மா என்று தெரிகிறது. ஒருவர் சிரிப்பை நிறுத்துகிறார்.

யார் என்று கேட்டால் எல்லோரும் தமிழ்ச்செல்வி என்கிறார்கள். பெண் என்றால் கதையின் மனசாட்சி என்று பழகிவிட்டோம். நான் பால்பாண்டியை நிறுத்த வைப்பேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பாள். "விடுங்க, கெழவிக்கு ரெட்டை யோகம்" என்பாள். அவனுக்கு அந்தச் சிரிப்பில் தன் முகம் தெரியும். கூடவே அவள் மேல் ஆசையும் குறையாது. இந்த இரண்டும் அவன் முகத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இடைவேளைக்குக் குண்டு வெடிக்கத் தேவையில்லை, இது போதும்.

அடுத்த நாள் அவன் எடையைச் சரியாக எழுதுகிறான். முதலாளி கணக்குப் பார்த்துவிட்டு வேலையை விட்டு நிறுத்துகிறார். கல்யாணத்துக்கு வைத்திருந்த சீட்டுப் பணம் கட்ட வழியில்லை. தமிழ்ச்செல்விக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபம் நியாயமாகவும் இருக்கிறது. "உங்க நல்லகுணத்துக்கு நான் ஏன் காசு கட்டணும்?" இந்த வசனத்துக்கு அவனிடம் பதில் கிடையாது. எழுதுகிற நானும் பதில் தர மாட்டேன்.

அவள் திருந்துகிறாளா? பாட்டு ஓடும்போது யாரையும் திருத்தாதீர்கள். ஒரே ஒரு மாற்றம் போதும், அதுவும் அவளுடைய தொழிலுக்குள்ளேயே வரட்டும். ஒச்சம்மா பாவாடை வாங்க வருகிறாள். கேட்டதைவிட ஒரு சுற்றுக் கொசுவம் அதிகமாக இருக்கிறது. ஒதுக்கிய துணி உள்ளே போய்விட்டது. தமிழ்ச்செல்வி எதுவும் சொல்வதில்லை. அதற்குத் தையல் கூலியில் நூறு ரூபாய் கூட்டிக் கேட்கிறாள். அதைக் கேட்டே தீர வேண்டும். கூலியை விட்டுக்கொடுத்தால் அவள் வேறு யாரோ ஆகிவிடுவாள்.

காரணத்தை எப்போது சொல்வது

நடந்துகொள்ளும் விதத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கலாம். அதை முதல் ரீலிலேயே கொட்டினால் அது சாக்காகிவிடும். 1986-ல் வந்த மௌன ராகத்தில் திவ்யா கல்யாணமான புதிதில், என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. நமக்குச் சுரீர் என்கிறது. அவளுடைய பழைய காதலன் மனோகர் கதை அதற்கப்புறம்தான் வருகிறது. வரிசையை மாற்றிப் பாருங்கள், மனோகர் முதலில் வந்திருந்தால் திவ்யா பாவப்பட்ட பெண், கணவன் சந்திரகுமார் இடையில் வந்தவன். இந்த வரிசையில் வருவதால் இருவரும் நியாயஸ்தர்கள், இருவருக்கும் வலிக்கிறது. முதலில் நடத்தையைக் காட்டுங்கள், அது யாரைச் சுடுகிறது என்று காட்டுங்கள், அப்புறம் காரணம். காரணம் வந்தபின்னும் சுட்டது சுட்டதுதான் என்பதை ஒரு காட்சியாவது ஞாபகப்படுத்த வேண்டும்.

சுப்ரமணியபுரத்துத் துளசியும் அப்படித்தான். அவள்தான் அழகரைச் சாகக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அந்த வீட்டில் சித்தப்பா கனகுவின் பிடி எப்படிப்பட்டது என்று முன்னாலேயே காட்டியிருப்பதால், அந்த அழுகையை நாம் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. ஒரு நாயகியை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது பெரிய காரியம்.

வசனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காத ஆள் தன்னைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் வெட்டிவிடுங்கள். 'மதுரைக்காரன்டா' என்று மார் தட்டினால் அதையும் வெட்டுங்கள். இந்த ஊரில் நான் கேட்கும் பேச்சில் அரிவாள் இல்லை. அங்கிட்டு இங்கிட்டு, சீட்டுப் பணம், வட்டி, முறை செய்வது, யார் யாரை மதிக்கவில்லை, இதுதான் இருக்கிறது. கெட்டகுணம் அந்தப் பேச்சுக்குள்ளேதான் ஒளிந்திருக்கும்.

யாரிடம் படித்துக் காட்டுவது

நண்பர்களிடம் வேண்டாம். அவர்கள் நாயகனாகத் தங்களை வைத்துப் பார்ப்பார்கள். பெரிய நடிகர் முகத்தை மனதில் வைத்துக்கொண்டும் படிக்காதீர்கள். அந்த முகமே பாதிக் குறையை மறைத்துவிடும். தெருவில் பார்க்கும் ஒரு சாதாரண முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு அக்காவோ அத்தையோ பெரியம்மாவோ இருப்பார்கள், கல்யாணம், கடன், மாமியார் எல்லாம் பார்த்தவர்கள். அவர்களிடம் வசனத்தோடு கதையாகச் சொல்லுங்கள். கையில் பேனா இருக்கட்டும். 'ச்சீ, என்ன ஆளு இவன்' என்று சொல்லும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இடம் நன்றாக இருக்கிறது, தொடாதீர்கள். அவர்கள் பேசாமல் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால் அங்கே ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்தில் ஆள் கெட்டவனாகக்கூட இல்லை, சலிப்பானவனாக இருக்கிறான்.

தயாரிப்பாளர் 'கொஞ்சம் நல்லவனா மாத்துங்க' என்று கேட்பார். வாதம் செய்யாதீர்கள். எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் காட்சிக்கு முந்தைய காட்சியில் நாயகி எங்கே இருந்தாள் என்று போய்ப் பாருங்கள். பல தடவை அவள் அந்தப் பக்கங்களிலேயே இருக்க மாட்டாள். அவளை உள்ளே கொண்டுவந்து, அவள் பார்வையில் அந்தக் காட்சியைத் திரும்ப எழுதிக்கொண்டு போனால், நாயகனின் ஒரு வரியைக்கூட மாற்றாமலே 'இப்ப சரியா இருக்குப்பா' என்பார்.

பெரியம்மா கதை முடிந்ததும் கட்டாயம் ஏதாவது கேட்பார். 'அப்புறம் அதுங்க ரெண்டும் எப்படிப் பொழைச்சுச்சுங்க' என்று கேட்டால் ஸ்கிரிப்டைப் பைண்ட் பண்ணக் கொடுத்துவிடலாம். 'இவ எதுக்குடா இவனைப் போய்க் கட்டுனா' என்று கேட்டால் நாயகனைத் தொடாமல், அவளுடைய முதல் காட்சியிலிருந்து மறுபடி எழுத உட்காருங்கள்.